முருகம்மாளும் ஏழாம் தட்டுச் சேறும்

முருகம்மாளுக்கு ஓர் உழக்கு அரிசி கைமாற்றாகக் கொடுக்க எம். புதுப்பட்டியில் அவளுடைய தெருவே காத்துக் கிடக்கும். கொடுத்த அரிசி திரும்பி வரும்போது உழக்கோடு நிற்காது. உழக்கின் வாய்க்கு மேலே குவித்து, அதற்கும் மேல் ஒரு கை அள்ளிப் போட்டு, சரிந்து விழுவதை முந்தானையில் ஏந்திக்கொண்டு வருவாள். வந்து, முந்தானையில் கிடப்பதையும் சேர்த்தே அவர்கள் பானையில் கொட்டிவிட்டுப் போவாள். புளியானாலும் அப்படித்தான், மிளகாய் வற்றலானாலும் அப்படித்தான். முருகம்மாள் குறைத்துக் கொடுத்தாள் என்கிற பேச்சு ஒருத்தர் வாயிலும் வந்துவிடக் கூடாது.

பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் ஒரு தடவை, ஏதோ நினைப்பில், உழக்கின் வாயை உள்ளங்கையால் வழித்துத் தலைதட்டி அரிசியைத் திருப்பித் தந்துவிட்டாள். அளவு சரிதான். பஞ்சாயத்து வைத்தால் நியாயம் கருப்பம்மாள் பக்கம்தான் நிற்கும். ஆனாலும் அந்தத் தீபாவளி சீசன் முடிகிறவரை முருகம்மாள் அவளோடு பேசவில்லை. ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஒரே பட்டாசுக் கம்பெனி வேனில் தொடையோடு தொடை இடித்து உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. இரண்டு பேருமே ரொம்பக் கஷ்டப்பட்டார்கள்.

அவள் பிறந்தது வெம்பக்கோட்டைப் பக்கம். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்துப் பிழைத்தவர்கள். மழை பார்த்து விதைக்கிற காடு. மழையோ யார் முகத்தையும் பார்க்கிறதில்லை. கூலிக்காரர்களின் வீட்டில் உழக்கைத் தலைதட்டித்தான் அளந்து போடுவார்கள் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்துப் பார்த்து அவளுக்குள் ஒரு ரோஷம் ஏறிவிட்டிருந்தது. இருளாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு எம். புதுப்பட்டிக்கு வந்த கையோடு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி கட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயும் அந்த ரோஷம் சும்மா இருக்கவில்லை. புஸ்வாணப் பெட்டியில் கொஞ்சம் இடம் இருக்கிற மாதிரி தெரிந்தால் இன்னொன்றை அமுக்கி வைத்து மூடிவிடுவாள். அந்த வருடம் நாக்பூர்ப் பக்கம் தீபாவளி கொண்டாடினவர்களில் சிலருக்குப் பெட்டியில் கூடுதலாக ஒரு புஸ்வாணம் கிடைத்திருக்கும். யார் புண்ணியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

விஷயம் வெளியே வந்தபோது போர்மேன் குதித்தார். போர்மேன் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் செல்லப்பாண்டி. கம்பெனிச் சரக்கை அள்ளிக் கொடுக்க இது என்ன உங்கப்பன் வீட்டுச் சீதனமா என்று ஷெட்டே அதிரக் கேட்டார்.

"எங்கப்பன் உங்களுக்கும் அப்பந்தானண்ணே," என்றாள் முருகம்மாள், தலையை நிமிர்த்தாமல்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செல்லப்பாண்டிக்கு அது ஆறவே இல்லை. தங்கை மகள் இசைவாணியைத் தன் மகன் காளிராஜுக்குக் கட்டிவைத்துவிட்டால், அந்தக் கணக்கில் கொஞ்சமாவது நேராகும் என்று நினைத்தார். முறைப்பெண்தானே, கேட்க உரிமை உண்டு. காளிராஜும் மோசமான பையன் இல்லை. லாரி ஆபீசில் லோடு ஏற்றிவிடுகிற வேலை, வெற்றிலைகூடப் போடமாட்டான். ஆனால் இசைவாணி படித்துக்கொண்டே போனாள். பி.எஸ்ஸி. முடித்தாள், எம்.எஸ்ஸி. முடித்தாள், விருதுநகரில் ஒரு கல்லூரியில் எம்.ஃபில். என்று சேர்ந்தாள். அது முடிந்தால் மதுரையில் இன்னும் ஒரு படிப்பு இருக்கிறதாம். செல்லப்பாண்டிக்குப் பொறுமை போய்விட்டது. சித்திரைக்குள் இந்தப் படிப்பை முடித்தால் அவள் இஷ்டம்போல மதுரைக்குப் போகட்டும், முடிக்காவிட்டால் வைகாசியில் பரிசம் போட்டுவிட வேண்டும் என்று சொல்லி, குலசாமி பேரில் தங்கையிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். இசைவாணிக்கு மதுரை வேண்டும். முருகம்மாளுக்கு இசைவாணிக்கு என்ன வேண்டுமோ அதுதான் வேண்டும்.

சுனாமி வந்து போய் இரண்டு வருடம் ஆன சமயம் அது. இசைவாணிக்கு அவளுடைய பேராசிரியை ஒரு வேலை கொடுத்திருந்தார். வைப்பாறு கடலில் போய் விழுகிற இடத்தில், கடலடிச் சேற்றை எடுத்து, அதில் பாதரசம், ஈயம் மாதிரிக் கனமான உலோகங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆற்றோடு வருகிறதெல்லாம் கடைசியில் அந்தச் சேற்றில்தான் படியும், சேற்றிலிருந்து புழுவுக்கும் புழுவிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து நமக்கும் ஏறும் என்று இசைவாணி விளக்கினாள். முருகம்மாள் இதைக் கம்பெனி வேனில் தன் பங்குக்குச் சொன்னபோது, கடலுக்கடியில் உலோகம் கிடக்கிறது, என் மகள் எடுக்கப்போகிறாள் என்று ஆகிவிட்டது. தங்கமும் கிடக்குமா என்று கருப்பம்மாள் கேட்டாள். கிடந்தால் உனக்கு இல்லாமலா என்று முருகம்மாள் வாக்குக் கொடுத்தாள்.

கடலுக்கு எப்படிப் போவது? அதற்கு நாகூர் கனி இருந்தார். சாத்தூரில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவர். வாரம் ஒரு தடவை வேனை எடுத்துக்கொண்டு ஆற்று முகத்துவாரத்துக்குப் போய் நெத்திலியும் சாளையும் வாங்கி வருவார். கடைக்கு வந்து போகிற பழக்கத்தில் முருகம்மாளைத் தங்கச்சி என்பார். தங்கச்சி மகள் படிப்புக்கு என்றதும், பேட்டா வேண்டாம், டீசல் வேண்டாம், ஏறிக்கொள் என்றுவிட்டார். படகுக்காரர்களிடம் சொல்லி, பேராசிரியை குறித்துக் கொடுத்த ஒவ்வொரு இடத்திலும் சேறு எடுக்க ஏற்பாடும் செய்தார். திரும்பி வரும்போது வேனில் பின்னால் கருவாடு, முன்னால் இசைவாணியின் மடியில் சேறு. இரண்டில் எது அதிகமாக நாறுகிறது என்று அவருக்கும் அவளுக்கும் சாத்தூர் வரும்வரை வாக்குவாதம் நடக்கும்.

சேற்றை நிழலில் காயவைக்க வேண்டும். கல்லூரி விடுதியில் வைத்த அன்றே மற்றப் பெண்கள் வார்டனிடம் போய் நின்றார்கள். ஆகவே சேறு எம். புதுப்பட்டிக்கு வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், பெரிய பேப்பர் தட்டுகளில் பரப்பி, ஒவ்வொரு தட்டிலும் சேறு எடுத்த இடத்தின் எண்ணை எழுதி இசைவாணி வரிசையாக வைத்தாள். அம்மாவிடம் சட்டதிட்டங்களைச் சொன்னாள். வெயில் படக்கூடாது. கை படக்கூடாது. இரும்பு படவே கூடாது. வயசுக்கு வந்த பிள்ளையைக்கூட இம்புட்டுப் பத்திரமாக வைத்ததில்லையே என்று முருகம்மாள் அலுத்துக்கொண்டாள். பட்டாசு மருந்து அறையிலும் இரும்பு ஆகாது, பொறி பறந்துவிடும், சட்டம் சரிதான் என்று இருளாண்டி மட்டும் ஒத்துக்கொண்டார். அவர் கம்பெனியில் கலர் மருந்து கலக்குகிறவர். பச்சைக்கு ஓர் உப்பு, சிவப்புக்கு ஓர் உப்பு, நீலத்துக்குச் செம்பு என்று நாள்பூராவும் புழங்கிவிட்டு, அலுமினியத் தூள் அப்பின உடம்போடு சாயங்காலம் வீட்டுக்கு வருவார். கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் நின்று, முருகம்மாள் தண்ணீர் ஊற்ற ஊற்ற, வெள்ளிச் சிலை கரைந்து மனிதர் வெளியே வருவார். பிறகு அதே கல்லில் அவர் சட்டையையும் துவைத்துப் போடுவாள்.

இசைவாணி கல்லூரிக்குப் போயிருந்த ஒரு நாள், கொட்டகைக் கதவைச் சாத்த மறந்து முருகம்மாள் அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். அவளுடைய செவலைக் கோழி அப்போதுதான் குஞ்சு பொரித்து ஊரையே விலைக்கு வாங்கின மிதப்பில் திரிந்துகொண்டிருந்தது. கடலிலிருந்து வந்த சேற்றில் குஞ்சுகளுக்கு ஏதாவது அகப்படும் என்று அது நினைத்ததில் தப்பில்லை. முருகம்மாள் வந்து பார்த்தபோது ஏழாம் தட்டில் பாதிச் சேற்றைக் காணவில்லை. அது கொட்டகைத் தரையிலும் கூரையிலும் கோழியின் முதுகிலும் இருந்தது.

கோழியைத் திட்டித் தீர்த்துவிட்டு அவள் தட்டைப் பார்த்தாள். மற்றத் தட்டுகளெல்லாம் நிறைந்திருக்க இது மட்டும் வழித்த மாதிரிக் கிடந்தது. மகள் இந்தத் தட்டை எந்த முகத்தோடு அந்த டீச்சர் கையில் கொடுப்பாள்? ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தோம், குறைத்துக் கொண்டுவந்திருக்கிறது என்றுதானே நினைப்பார்கள்? நினைத்தபோதே முருகம்மாளுக்குக் காது சூடாகிவிட்டது. மகளுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அரிசியைத் திருப்பிக் கொடுக்கும்போது யாராவது கேட்டுவிட்டா நிரப்புகிறார்கள்?

கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு அடியில் மண் எப்போதும் ஈரமாக, கறுப்பாக, மாவு மாதிரி வழவழவென்று கிடக்கும். கடல் சேற்றுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. முருகம்மாள் மகள் சொன்ன சட்டத்தில் ஒன்றைக்கூட மீறவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கையால் தொடவில்லை, கரண்டி எடுக்கவில்லை. தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி, கல்லும் தூசியும் இல்லாமல் பார்த்து, வெயில் படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு வந்து ஏழாம் தட்டில் போட்டுக் கலந்தாள். நிறைந்த பிறகு, வழக்கம்போல மேலே இன்னும் ஒரு சிரட்டை. அதைப் பார்க்க மற்றத் தட்டுகள் குறைவாகத் தெரிந்தன. அவற்றையும் நிரப்பிவிடலாம் என்று அவள் சிரட்டையோடு கிளம்பினபோது கருப்பம்மாள் வாசலில் வந்து கூப்பிட்டாள். அந்த ஆராய்ச்சிக்குக் கருப்பம்மாள் செய்த உதவி யாருக்கும் தெரியாது.

சேறு காய்ந்தது. இசைவாணி அதைப் பொடித்து, பொட்டலம் கட்டி, மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். சில வாரம் கழித்து அவள் வீட்டுக்கு வந்தபோது நடையே துள்ளலாக இருந்தது. பாதரசம் எங்கேயும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. எல்லா எண்ணும் சாதுவாக இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் மட்டும் ஈயமும் செம்பும் பேரியமும் ஒரேயடியாக எகிறி நிற்கின்றன, இப்படி ஒன்று அந்தக் கடற்கரையில் இருப்பது இதுவரை யாருக்கும் தெரியாது, பேராசிரியைக்குத் தூக்கமே வரவில்லையாம் என்று சொல்லிக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள். ரசத்தை ஊற்றப்போன முருகம்மாள், எந்த இடம் என்று கேட்டாள்.

ஏழாம் நம்பர் என்றாள் இசைவாணி.

ரசம் இலையைத் தாண்டித் தரையில் போயிற்று. இசைவாணி அதைக் கவனிக்கவில்லை. செல்லப்பாண்டி அன்று சாயங்காலம் வந்து, மருமகள் பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்டாளாமே என்று கேட்டு, கொஞ்சம் வருத்தத்தோடும் நிறையப் பெருமையோடும் மீசையைத் தடவிக்கொண்டார். சித்திரைக்கு முன்பே முடிந்துவிடும் போலிருக்கிறதே, மதுரைக்குப் பெட்டி கட்டிவிடு தாயி என்றும் சொன்னார். இத்தனை பேர் சந்தோஷமாக இருக்கிற வீட்டில், அது பாதி நம்ம கொல்லை மண் என்று முருகம்மாள் எப்படிச் சொல்லுவாள்? கடலில் எங்கோ ஓர் இடத்தில் கொஞ்சம் ஈயம் இருப்பதாகத் தாளில் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம், கடல் வந்தா கேட்கப்போகிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. அந்த நாட்களில் தெருவில் யார் கேட்டாலும் கேட்டதைப் போல இரண்டு பங்கு கொடுத்தாள். கருப்பம்மாள் ஒரு கரண்டி சீனி கேட்டு ஒரு டம்ளர் சீனி வாங்கிக்கொண்டு போனாள்.

பிறகு ஒரு நாள் நாகூர் கனியின் வேன் வாசலில் வந்து நின்றது. எப்போதும் சிரித்துக்கொண்டே இறங்குகிற மனிதர் அன்று மெதுவாக இறங்கி, ஒரு மண்வெட்டி இருந்தால் கொடு தங்கச்சி என்றார். முருகம்மாள் எடுத்துக் கொடுத்துவிட்டு எதற்கு என்று கேட்டாள். இந்தப் பக்கம் பொட்டலில் ஒரு குழி வெட்ட வேண்டும், சாத்தூரில் வெட்டினால் ஊரெல்லாம் பேச்சாகிவிடும் என்றார். வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே கூடை கூடையாக நெத்திலி.

ஏழாம் நம்பர் என்று பேராசிரியை குறித்த இடத்தில்தான் அவருக்கு மீன் கொடுக்கிற படகுகள் ஒதுங்குகின்றன. இசைவாணி நேற்றுக் கடைக்கு வந்து, மாமா, அந்தக் கரைச் சரக்கை மட்டும் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். சொல்லாமலே இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்? ஆனால் பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டது. தெரிந்த பிறகு ஒரு வீட்டுக் குழம்பில் இதை விழவிட்டால் அல்லாவிடம் என்ன பதில் சொல்வது? அவர் இதையெல்லாம் கோபமில்லாமல்தான் சொன்னார்.

"கடலுக்குப் போக வண்டி குடுத்தேன். கடைசில என் தலையிலயே மண்ணள்ளிப் போட்டுட்டுதேம்மா ஒம் மக," என்று சிரிக்கக்கூடப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வேனைப் பார்க்கத் திரும்பினார்.

முருகம்மாள் கூடைகளைப் பார்த்தாள். வெள்ளைவெளேர் என்று, ஒரு சொட்டு மண் இல்லாமல் காய்ந்த நெத்திலி. இதைத் தின்ன எத்தனை வீட்டில் பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கும். இதைப் போய்க் குழியில் போடுவதா? மகளின் படிப்பும் அண்ணனுக்குச் செய்துகொடுத்த சத்தியமும் அவளுடைய நெஞ்சில் வந்து நின்றன. அவற்றைத் தள்ளிக்கொண்டு இன்னொன்று வந்தது.

"கனியண்ணே, குழி வெட்டாதீக," என்றாள். "அந்தச் சேத்துல பாதி கடல் சேறு இல்ல. எங்க வீட்டுக் கொல்ல மண்ணு. நாந்தான் அள்ளிப் போட்டேன்."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த இசைவாணி வெளியே வந்தாள். முருகம்மாள் கோழியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கையால் தொடவில்லை, இரும்பும் படவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னாள். நாகூர் கனி முதலில் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, தொப்பி நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். செவலைக் கோழியைக் காட்டச் சொல்லி அதைப் பார்த்தும் ஒரு தடவை சிரித்தார். கோழிக்குக் கொஞ்சம் நெத்திலியும் போட்டார். இசைவாணி சிரிக்கவில்லை. சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"யம்மா, கொறையா இருந்தா கொறையாவே கொண்டுபோயிருப்பேனே. ஒரு ஸ்பூன் இருந்தாப் போதுமேம்மா," என்றாள்.

ஒரு ஸ்பூனா என்று முருகம்மாள் திகைத்துப்போனாள். ஒரு ஸ்பூன் சேற்றுக்காக இந்தப் பிள்ளை மடி நிறைய ஏன் சுமந்துகொண்டு வந்தது என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறுநாள் மூன்று பேரும் வேனில் விருதுநகருக்குப் போனார்கள். பேராசிரியை கேட்டுவிட்டு இசைவாணியைத்தான் பிடித்துக்கொண்டார். சேற்றை வீட்டில் விட்டுவிட்டு வந்தது யார் தப்பு என்று கேட்டார். ஏழாம் இடத்தில் மறுபடி சேறு எடுக்க வேண்டும், மறுபடி பரிசோதனை, மறுபடி எழுத்து. சித்திரைக்குள் முடிகிற பாடாகத் தெரியவில்லை. முருகம்மாள் தன்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். அவர்கள் எழுந்து வாசல்வரை வந்த பிறகுதான், பேராசிரியைக்கு ஏதோ தோன்றி, நீங்கள் சேர்த்த மண் எங்கே எடுத்தது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்து குளிக்கிற கல்லுக்கடியில் என்றாள் முருகம்மாள். அவருக்கு என்ன வேலை என்று அடுத்துக் கேட்டார். அவள் சொன்னாள். பேராசிரியை நோட்டைத் திறந்து அதைக் குறித்துக்கொண்டார். கடல் சேறு எடுக்கும்போது அந்தக் கல்லடி மண்ணையும் தனியாக எடுத்து வா என்று இசைவாணியிடம் சொன்னார்.

நாகூர் கனி மறுபடியும் வேனை எடுத்தார். அந்தக் கரைச் சரக்கை மறு பரிசோதனை வருகிறவரை விற்பதில்லை என்று கடையின் உள்ளறையில் பூட்டி வைத்திருந்தார். செல்லப்பாண்டிக்கு விஷயம் தெரிந்து, சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் போயிற்று. அள்ளி அள்ளிக் கொடுத்து என் கம்பெனியைக் கெடுத்தது போதாது என்று மகள் படிப்பையும் கெடுத்தாயா என்றார். ஆனாலும் வைகாசியில் பரிசத்துக்கு நல்ல நாள் பார்த்துவிட்டார். முருகம்மாள் சரிண்ணே என்றாள். சத்தியம் சத்தியம்தான். மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் சமையலில் உப்பை அள்ளிக் கொட்டினாள். அந்த நாட்களில் அந்த வீட்டில் கடல் தண்ணீரைத்தான் குழம்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பங்குனி முடிகிற சமயத்தில் பேராசிரியையே எம். புதுப்பட்டிக்கு வந்தார். நாகூர் கனிதான் கூட்டிக்கொண்டு வந்தார். டீச்சர் வந்திருப்பது தெரிந்து செல்லப்பாண்டியும் வந்து ஓரமாக நின்றார். முருகம்மாள் அடுத்த வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கித் துடைத்துப் போட்டாள். பேராசிரியை உட்காராமல் நேரே கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்லைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அடிபம்பைப் பார்த்தார். குடிக்கிற தண்ணீர் இதுதானா என்று கேட்டார். இதுதான், ரொம்ப இனிப்பாக இருக்கும் என்று முருகம்மாள் ஒரு செம்பு நிறையப் பிடித்துக் கொடுத்தாள். பேராசிரியை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

கடல் சேற்றில் ஒன்றும் இல்லை, ஏழாம் இடமும் மற்ற இடங்கள் மாதிரிச் சாதுவாகத்தான் இருக்கிறது என்று சொன்னார். நாகூர் கனி இரண்டு கையையும் தூக்கி அல்லாவுக்கு நன்றி சொன்னார். பேராசிரியை செம்பைக் கல்லின்மேல் வைத்துவிட்டு அடுத்ததைச் சொன்னார். முன்னால் ஏழாம் தட்டில் எகிறி நின்றது முழுக்க இந்த மண்ணால், இருளாண்டியின் உடம்பிலிருந்து தினமும் கழுவி இதில் விழுகிற பட்டாசு மருந்தால் வந்தது. இந்த மண்ணைத் தனியாகப் பார்த்தபோது அதைவிடவும் எத்தனையோ மடங்கு இருக்கிறது. இவ்வளவு இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. அது தண்ணீரில் இறங்கியிருக்கிறதா, வீட்டில் இருப்பவர்களின் உடம்பில் ஏறியிருக்கிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். செல்லப்பாண்டி தன் கையைத் திருப்பி நகங்களைப் பார்த்துக்கொண்டார்.

முருகம்மாள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்.

"அப்ப எம் பிள்ள படிப்பு என்னாச்சு டீச்சர்?"

"அதுக்கு ஒண்ணும் இல்லைம்மா. சித்திரைக்குள்ள முடிச்சிடுவா. கடலையும் உங்க கொல்லையையும் சேர்த்து எழுதச் சொல்லிட்டேன். மதுரைல மேல்படிப்புக்கு இந்த மண்ணையே எடுத்துக்கிடட்டும்."

முருகம்மாளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கேட்டீகளாண்ணே என்று செல்லப்பாண்டியைப் பார்த்தாள், நாகூர் கனியைப் பார்த்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கருப்பம்மாளைப் பார்த்தாள். கடலையே சுற்றிவந்தாலும் கிடைக்காதது தன் கொல்லையில் கிடைத்திருக்கிறது, மகள் பாஸ். இசைவாணியைத் தேடினால், அவள் கொட்டகைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, பாஸாயிட்ட, பெறகு எதுக்கு அழுற?" என்று முருகம்மாள் அவள் கண்ணைத் துடைக்கப் போனாள்.

அதே நேரத்துக்குக் கம்பெனி வேன் கடைசி நடையாகத் தெருமுனையில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. இருளாண்டி வந்துகொண்டிருந்தார். தலைமுடியிலிருந்து பாதம்வரை வெள்ளியாக, வாசலில் இத்தனை பேர் நிற்பதைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்து, வாங்க என்று எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டே கொல்லைக்கு நடந்தார். தண்ணி ஊத்த வா என்று முருகம்மாளைக் கூப்பிட்டார்.

இசைவாணி ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, அப்பா இனிமே அங்கன குளிக்க வேணாம்மா."

முருகம்மாள் மகளைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள்.

"பெறகு எங்கன தாயி குளிப்பாக?" என்றாள்.

கேட்டதில் தப்பொன்றும் இல்லை. அந்த வீட்டில் குளிக்க வேறு இடம் கிடையாது.